மாத்திரை போட்டும் டி.எஸ்.எச். ஏன் இறங்கவில்லை?

கேள்வி:

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 39 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். நாலு வருசத்துக்கு முன்னாடி முகம் வீங்கின மாதிரி ஆகி, மாதவிலக்கு பத்து நாள் வரைக்கும் போனது. தைராய்டு டெஸ்ட் எடுத்ததில் டி.எஸ்.எச். 18 என்று வந்து, 50 பவர் தைராய்டு மாத்திரை கொடுத்தார்கள். மூணு மாசத்தில் நல்லா ஆயிட்டேன். சரியாயிடுச்சே என்று நானே நிறுத்திட்டேன். ஒரு மாசம் ஒண்ணுமே தெரியலை. அஞ்சாவது மாசம் படுக்கையை விட்டு எழுந்திருக்கவே முடியலை. மறுபடி ஆரம்பித்து 75 ஆகி, ஒரு வருசமாக 100 போடுகிறேன். போன வாரம் எடுத்ததில் 9.6. டாக்டர் 125 எழுதிக் கொடுத்திருக்கிறார், இன்னும் வாங்கவில்லை. ஹீமோகுளோபின் 9.2. அதற்கு இரும்புச் சத்து மாத்திரை, கால்சியம், முடி கொட்டுவதற்கு ஒரு மாத்திரை, எல்லாத்தையும் தைராய்டு மாத்திரையோடு சேர்த்து காலையிலேயே காபி குடிச்சதும் மறக்காமல் போட்டுவிடுகிறேன். எடை 58-ல் இருந்து 71 ஆகிவிட்டது. ராத்திரி கை மரத்துப்போய் முழிப்பு வந்துவிடுகிறது. வீட்டுக்காரர் எல்லாம் சோம்பல் என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா முட்டைக்கோஸ், கம்பு தொடாதே என்கிறார். சொந்தக்காரர் ஒருவர் 90 நாளில் தைராய்டை அடியோடு போக்கும் என்று ஒரு பொடி சொல்கிறார். டாக்டரிடம் போனால் ரெண்டு நிமிசத்தில் மாத்திரையைக் கூட்டி எழுதி அனுப்பிவிடுகிறார். பெரிய டாக்டரைப் பார்க்கணுமா? என் 14 வயசு மகளுக்கும் இது வருமா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். "எல்லாத்தையும் காலையிலேயே காபி குடிச்சதும் மறக்காமல் போட்டுவிடுகிறேன்." ஒரு நாள்கூட விடாமல் போடுகிறேன் என்று நல்ல பிள்ளையாக நீங்கள் சொன்ன வரி அது. உங்கள் தொந்தரவில் பாதிக்கு மேல் அந்த வரிக்குள்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

தைராய்டு மாத்திரை மாதிரி ரோஷக்கார மாத்திரை வேறு இல்லை. 100 என்று பாட்டிலில் போட்டிருக்கிறதே, அது 100 மைக்ரோகிராம். ஒரு கிராமைப் பத்தாயிரமாகப் பங்கிட்டால் அதில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துளி மருந்து குடலில் இறங்கும்போது அங்கே இரும்போ கால்சியமோ இருந்தால் அதோடு ஒட்டிக்கொண்டு மலத்தோடு வெளியே போய்விடும். காபி இருந்தாலும் உள்ளே ஏறும் அளவு குறையும். நீங்கள் விழுங்குவது 100, ரத்தத்துக்குப் போய்ச் சேர்வது அதில் எவ்வளவோ. உங்கள் டாக்டர் அளவைக் கூட்டக் கூட்ட, காபி டம்ளரும் மற்ற மாத்திரைகளும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டே இருக்கின்றன.

உங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. எனக்கும் தைராய்டு குறைவுதான், 11 வருடமாக மாத்திரை போடுகிறேன். இடையில் ஒரு வருடம் காலை ஓ.பி.க்கு ஓடும் அவசரத்தில் பில்டர் காபியோடு சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தேன். எல்லாருக்கும் சொல்வதை நான் செய்யவில்லை. டி.எஸ்.எச். 6-க்கு மேல் போன பிறகுதான் புத்தி வந்தது.

காபிதான் காரணம் என்று நான் சந்தேகப்படுவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. சுரப்பி முழுக்கவே வேலை செய்யாத ஒருவருக்கு, உடல் எடையில் கிலோவுக்கு சுமார் 1.6 மைக்ரோகிராம் தேவைப்படும். உங்கள் 71 கிலோவுக்கு அது 114 வரும். மாத்திரையே இல்லாதபோது உங்கள் டி.எஸ்.எச். 18-தான். அப்படியென்றால் உங்கள் சுரப்பி முற்றிலும் படுத்துவிடவில்லை, கொஞ்சமாவது வேலை செய்கிறது. அப்படிப்பட்டவருக்கு 100 சரியாக உள்ளே போயிருந்தால் டி.எஸ்.எச். 4-க்குக் கீழே வந்திருக்க வேண்டும். 9.6-ல் நிற்கிறது என்றால், அளவு போதுமா என்று கேட்பதற்கு முன்னால் அந்த அளவு உள்ளே போகிறதா என்று கேட்க வேண்டும்.

இந்த எண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "எனக்குத் தைராய்டு இருக்குங்க" என்று எங்கள் கிளினிக்கில் தினமும் நாலு பேராவது சொல்வார்கள். எல்லாருக்கும்தான் இருக்கிறது, கழுத்தின் முன்பக்கம், பட்டாம்பூச்சி மாதிரி. அது கூடுதலாகச் சுரக்கிறதா, குறைவாகச் சுரக்கிறதா என்பதுதான் கேள்வி. அங்கேதான் குழப்பம். டி.எஸ்.எச். கூடியிருந்தால் தைராய்டு கூடிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். விஷயம் நேர் எதிர். உங்கள் கம்பெனியை வைத்தே சொல்கிறேன். லைனில் ஒரு டெய்லர் மந்தமாகத் தைத்தால் சூப்பர்வைசர் என்ன செய்வார்? சத்தம் போடுவார். டெய்லர் இன்னும் மந்தமானால் சத்தம் இன்னும் கூடும். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி இருக்கிறது, அதுதான் சூப்பர்வைசர். டி.எஸ்.எச். என்பது அதன் குரல். சாதாரணமாக அந்தக் குரல் 0.4-ல் இருந்து 4 வரைக்குள் இருக்கும், லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும். உங்களுக்கு 9.6, அதாவது சூப்பர்வைசர் இன்னும் கத்திக்கொண்டிருக்கிறார். எத்தனை பீஸ் வெளியே வந்தது என்ற கணக்கு ஃப்ரீ டி4 என்ற இன்னொரு டெஸ்டில் தெரியும். அடுத்த முறை இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மாத்திரையை நிறுத்தியபோது ஒரு மாதம் ஒன்றுமே தெரியவில்லை என்றீர்களே, அதற்கும் விடை இருக்கிறது. இந்த ஹார்மோன் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும். மிச்சம் பாதியில் பாதி குறைய இன்னொரு வாரம். கையிருப்பு தீர்ந்த பிறகும் தோல், குடல், தசை, மூளை எல்லாம் மெதுவாகத்தான் மந்தமாகும். அதனால்தான் நிறுத்தினவர்கள் எல்லோரும் முதல் மாதம் "பார்த்தீங்களா, இல்லாமலேயே நல்லா இருக்கேன்" என்பார்கள். இதே காரணத்தால்தான் அளவை மாற்றினாலும், போடும் விதத்தை மாற்றினாலும் 6 முதல் 8 வாரம் பொறுத்து டெஸ்ட் எடுக்க வேண்டும். பதினைந்து நாளில் எடுக்கும் டெஸ்ட் காசுக்குத்தான் கேடு.

இப்போது அந்த 9.2-க்கு வருகிறேன். தைராய்டு குறைந்தால் மாதவிலக்கில் உதிரம் அதிகம் போகும். பத்து நாள் போனால் ரத்தம் குறையும். ரத்தம் குறைந்ததற்கு இரும்பு மாத்திரை கொடுத்தார்கள். அந்த இரும்பு தைராய்டு மாத்திரையைப் பிடித்து வெளியே தள்ளுகிறது. தைராய்டு சரியாகாததால் உதிரப்போக்கும் நிற்கவில்லை. இதற்கு நடுவில், தைராய்டு சுரப்பி ஹார்மோன் தயாரிக்கவும் இரும்பு வேண்டும். செக்கு மாடு மாதிரி நான்கு வருடமாக ஒரே வட்டத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள். இரும்பை நிறுத்தாதீர்கள். நேரத்தை மட்டும் பிரித்துவிடுங்கள், இடையில் குறைந்தது நான்கு மணி நேரம்.

எப்படிப் பிரிப்பது? காலை நாலரைக்கோ ஐந்துக்கோ எழுந்து, தண்ணீர் பிடித்து, சமைத்து, மகளுக்கும் வீட்டுக்காரருக்கும் டிபன் கட்டி, கம்பெனி வண்டியைப் பிடிக்கும் வாழ்க்கை உங்களுடையது என்று வைத்துக்கொள்கிறேன். "உணவுக்கு ஒரு மணி நேரம் முன்பு" என்று சீட்டில் எழுதுவது எங்களுக்குச் சுலபம், அந்த ஒரு மணி நேரத்தை உங்கள் காலையில் தேடுவது கஷ்டம். அதனால் தலைமாட்டில் ஒரு சொம்புத் தண்ணீரும் பாட்டிலும் இருக்கட்டும். கண் விழித்ததும், பல் துலக்கும் முன்பே, வெறும் தண்ணீரில் மாத்திரையை விழுங்கிவிடுங்கள். பிறகு வாசல் தெளியுங்கள், கோலம் போடுங்கள், குடம் நிரப்புங்கள், குக்கரை ஏற்றுங்கள். காபியை மட்டும் ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். எப்படியும் முடியாத நாளில் அரை மணி நேரமாவது இருக்கட்டும்.

இரும்பு மாத்திரை கம்பெனிக்குப் போகட்டும். டிபன் பாக்ஸ் பையில் வைத்துக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள். கூடவே ஒரு நெல்லிக்காயோ கொய்யாத்துண்டோ இருந்தால் இரும்பு நன்றாக ஏறும். நாலு மணி டீக்கும் இதற்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது இருக்கட்டும், டீ இரும்பை உள்ளே விடாது. கால்சியம் ராத்திரிச் சாப்பாட்டோடு. ஹீமோகுளோபின் 12-ஐத் தொட்டதும் இரும்பை நிறுத்திவிடாதீர்கள், சேமிப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதமாவது ஆகும்.

காலை நேரம் எப்படியும் ஒத்துவராது என்றால் ராத்திரியும் தைராய்டு மாத்திரை போடலாம், தவறில்லை. ஆனால் சாப்பிட்டு மூன்று மணி நேரம் ஆகியிருக்க வேண்டும், கால்சியம் மதியத்துக்கு மாற வேண்டும். ஓவர்டைம் முடித்து ஒன்பதரைக்குச் சாப்பிட்டு பத்து மணிக்குச் சாய்பவருக்கு அது சரிப்படாது. உங்களுக்குக் காலைதான் நல்லது. ஒரு நாள் மறந்தால் பதறாதீர்கள், அடுத்த நாள் இரண்டாகப் போட்டுக்கொள்ளலாம். இருதயக் கோளாறு உள்ளவர்களும் வயதானவர்களும் மட்டும் இதை டாக்டரைக் கேட்டுச் செய்ய வேண்டும்.

பாட்டிலை எங்கே வைக்கிறீர்கள் என்று எழுதவில்லை. பல வீடுகளில் அது சமையலறை அலமாரியில், அடுப்புக்கு நேர் மேலே இருக்கும். சில வீடுகளில் சாமி படத்துக்குப் பக்கத்தில், விளக்கு வெளிச்சத்தில். ஒரு பாட்டி எங்களிடம் வந்தபோது அவருடைய தைராய்டு மாத்திரைகள் எவர்சில்வர் டப்பாவில் சர்க்கரை மாத்திரையோடும் கிராம்போடும் கலந்து கிடந்தன. "மணமா இருக்கட்டும்னு" என்றார். வெப்பம், ஈரம், வெளிச்சம் மூன்றும் இந்த மருந்தைக் கெடுக்கும். அது வந்த பாட்டிலிலேயே, மூடியை இறுக மூடி, படுக்கையறையில் வெயில் படாத இடத்தில் வையுங்கள். ஒரே கம்பெனி மாத்திரையாகத் தொடர்ந்து வாங்குவது நல்லது. மெடிக்கலில் மாற்றிக் கொடுத்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

முடி கொட்டுவதற்குப் போடும் மாத்திரையின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பயோட்டின் என்று போட்டிருக்கிறதா? இந்த வகை மாத்திரைகளில் பெரும்பாலும் இருக்கும், 10 மில்லிகிராம் வரைக்கும்கூட. அது உடம்புக்குக் கெடுதல் செய்யாது, ஆனால் சில லேப் இயந்திரங்களை ஏமாற்றிவிடும். உண்மையான டி.எஸ்.எச்.சை விடக் குறைவாகவும், ஃப்ரீ டி4-ஐக் கூடுதலாகவும் காட்டிவிடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே 2017-ல் இதைப் பற்றி எச்சரிக்கை விட்டது. உங்களுடைய 9.6-கூட உண்மையில் அதைவிட அதிகமாக இருந்திருக்கலாம். அடுத்த டெஸ்டுக்கு மூன்று நாள் முன்பே அந்த மாத்திரையை நிறுத்திவிடுங்கள். என்னைக் கேட்டால், உங்கள் முடிக்கு அது தேவையே இல்லை. தைராய்டும் ரத்தமும் ஏறினால் முடி தானாக வரும். நான்கு முதல் ஆறு மாதம் வரை ஆகலாம், ஆரம்பத்தில் சில வாரம் கொட்டுவது தொடரவும் செய்யலாம். சீப்பைப் பார்த்து அழ வேண்டாம்.

இனி டாக்டர் விஷயம். அவர் 125 எழுதியது தப்பில்லை. நீங்கள் காபியோடு போடுவது அவருக்குத் தெரியாது, அவர் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. எங்கள் ஓ.பி.யில் நாற்பது பேர் வரிசையில் நிற்கும்போது கேள்விகள் சுருங்கிவிடுகின்றன, அது எங்கள் குறைதான். ஆனால் இரண்டு நிமிடத்தையும் வேலை வாங்க முடியும். உள்ளே போனதும் "உடம்பு முடியலைங்க" என்று ஆரம்பிக்காதீர்கள், அது எதை வேண்டுமானாலும் குறிக்கும். இப்படிக் கேளுங்கள்: "சார், இத்தனை நாள் காபி, இரும்பு, கால்சியம் எல்லாத்தோடயும் சேர்த்துத்தான் போட்டேன். 125-க்குப் போகாம, இதே 100-ஐ வெறும் வயித்துல ஒழுங்காப் போட்டு எட்டு வாரத்துல பார்த்துட்டு முடிவு பண்ணலாமா?" பெரும்பாலான டாக்டர்கள் சரி என்பார்கள். போடும் முறையையும் திருத்தி, அளவையும் 125 ஆக்கினால் இரண்டும் சேர்ந்து அளவு மீறிப் போகக்கூடும். அப்போது படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை வரும். அது நீடித்தால் எலும்பும் தேயும், வயதானவர்களுக்கு இதயத் துடிப்பும் தாறுமாறாகும். முடிவு அவருடையது. நான் உங்களைத் தொட்டுப் பார்த்தவள் இல்லை, அவர் பார்த்தவர்.

போகும்போது வீட்டில் இருக்கும் மாத்திரை எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு போங்கள், வயிற்று எரிச்சலுக்கு எப்போதாவது போடுவது உட்பட. அசிடிட்டி மாத்திரையும் தைராய்டு மாத்திரை ஏறுவதைக் குறைக்கும். நோட்டின் ஒரு பக்கத்தில் தேதி, மாத்திரை அளவு, டி.எஸ்.எச். என்று மூன்று கட்டம் போட்டு நாலு வருடத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். பத்து ரிப்போர்ட்டைப் புரட்டுவதைவிட அந்த ஒரு பக்கம் அவருக்கு அதிகம் சொல்லும்.

பெரிய டாக்டர் வேண்டுமா என்றால், இப்போதைக்கு வேண்டாம். தைராய்டு குறைவை எம்.டி. பொது மருத்துவரே நன்றாகப் பார்ப்பார். எட்டு வாரம் ஒழுங்காகப் போட்டும் டி.எஸ்.எச். இறங்காவிட்டால், கழுத்தில் கட்டி தெரிந்தால், கர்ப்பம் தரித்தால், இருதய நோய் இருந்தால் அப்போது ஹார்மோன் சிறப்பு மருத்துவரைப் பாருங்கள். பெரிய அரசு மருத்துவமனைகளில் அந்தத் துறை இருக்கிறது. ஆனால் இப்போதே பார்க்க வேண்டிய ஒருவர் உண்டு, மகப்பேறு மருத்துவர். பத்து நாள் உதிரப்போக்கு முழுவதையும் தைராய்டு தலையில் கட்டாதீர்கள். 39 வயதில் கர்ப்பப்பையில் நார்த்திசுக் கட்டி இருந்தாலும் இப்படி ஆகும். ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

உடம்பே சுரப்பியைத் தாக்குகிறதா என்று காட்டும் டி.பி.ஓ. ஆன்டிபாடி டெஸ்டை ஒரு முறை எடுத்திருந்தால் போதும். அந்த எண் கூடுவதும் குறைவதும் மாத்திரை அளவை மாற்றாது. வருடா வருடம் அதைப் பேக்கேஜில் சேர்த்துக் காசு வாங்கும் வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை.

ராத்திரி கை மரப்பதற்கு வருகிறேன். தைராய்டு குறையும்போது மணிக்கட்டுப் பக்கம் திசுக்கள் கொஞ்சம் ஊதி, உள்ளங்கைக்குப் போகும் நரம்பை அழுத்தும். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் மரத்து, கையை உதறினால் சரியாகும் என்றால் அதுதான். நாள் முழுக்கப் பீஸைத் திருப்பித் திருப்பிப் பிசிறு வெட்டும் வேலையும் அதையேதான் செய்யும். டி.எஸ்.எச். இறங்கினால் மரப்பு நன்றாகக் குறைய வாய்ப்பு உண்டு. அதுவரை ராத்திரி மணிக்கட்டு மடங்காமல் ஒரு பட்டை கட்டித் தூங்குங்கள். விரலில் பலம் குறைந்து சட்டைப் பட்டன் போடத் தடுமாறினால் காத்திருக்கக் கூடாது.

எடையில் உங்களை ஏமாற்ற விரும்பவில்லை. தைராய்டு குறைவால் ஏறுவது பெரும்பாலும் 2-ல் இருந்து 5 கிலோ, அதிலும் நிறைய உப்பும் நீரும்தான். உங்களுக்கு ஏறியது 13. மிச்சத்துக்கு நாலு வருட அசதி, தூக்கமில்லாத ராத்திரி, நாள் முழுக்க நின்ற இடத்திலேயே வேலை, இடைவேளை வடை என்று வேறு கணக்கு இருக்கிறது. டி.எஸ்.எச். சரியானதும் எடை தானாகக் கரையும் என்று காத்திருந்தவர்கள் என்னிடம் வந்து கோபித்துக்கொண்டிருக்கிறார்கள். உடம்பில் தெம்பு வந்தால் நடக்க முடியும், அதுதான் நடக்கும்.

பக்கத்து வீட்டு அக்காவிடம் சண்டைக்குப் போக வேண்டாம், அவர் சொல்வதில் ஒரு இழை உண்மை உண்டு. முட்டைக்கோஸ், காலிஃப்ளவர், கம்பு போன்றவற்றில் சுரப்பியைச் சற்றுத் தடுக்கும் பொருட்கள் இருக்கின்றன. அயோடின் கிடைக்காத ஊரில் அதையே மூன்று வேளையும் தின்றால் கழுத்து வீங்கும். வாரம் இரண்டு நாள் பொரியலும் ஒரு நாள் கம்மங்கூழும் சாப்பிடுபவருக்கு, அதுவும் மாத்திரை போடுபவருக்கு, ஒன்றும் ஆகாது. தடை போட வேண்டுமென்றால் நான் வேறொன்றுக்குப் போடுவேன். இந்துப்பு நல்லது என்று அயோடின் உப்பைத் தூக்கிப் போட்டுவிட்ட வீடுகள் பெருகிவிட்டன. 1962 முதல் உப்பில் அயோடின் சேர்த்துத்தான் இந்த நாடு கழுத்துக் கழலையோடு போராடுகிறது. உங்கள் மகள் சாப்பிடும் குழம்பில் அயோடின் உப்பே இருக்கட்டும். ஆனால் அயோடின் சொட்டு மருந்து என்று தனியாக வாங்கி விழுங்காதீர்கள். உங்கள் வகை தைராய்டு பெரும்பாலும் அயோடின் குறைவால் வருவதல்ல, உடம்பின் எதிர்ப்பு சக்தியே சுரப்பியைத் தாக்குவதால் வருவது. 1912-ல் ஹாஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் விவரித்ததால் அவர் பெயரில் அழைக்கிறோம். அதற்கு அளவுக்கு மீறிய அயோடின் எரிகிற தீயில் எண்ணெய்.

90 நாள் பொடியால் சிலருக்குச் சரியானதாகச் சொல்கிறார்களே என்று கேட்பீர்கள். டி.எஸ்.எச். 5, 6 என்று லேசாகக் கூடியிருப்பவர்களுக்கு ஒன்றுமே செய்யாமல் மறு டெஸ்டில் சரியாக வருவது சகஜம். பிரசவத்துக்குப் பிறகு வரும் தைராய்டு அழற்சி பலருக்குச் சில மாதத்தில் தானே அடங்கும். அந்த மாதங்களில் யார் என்ன பொடி கொடுத்தாலும் பெயர் பொடிக்குத்தான். உங்களுக்கு 18-ல் ஆரம்பித்தது, நிறுத்திப் பார்த்ததில் ஐந்தாவது மாதம் படுத்துவிட்டீர்கள். அந்தச் சோதனையை நீங்களே ஒரு முறை செய்து முடித்துவிட்டீர்கள், இன்னொரு முறை வேண்டாம். அமுக்கரா சேர்ந்த லேகியம் எதுவும் சாப்பிட்டால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், அது தைராய்டு ஹார்மோன் அளவைக் கூட்டிவிடுவது உண்டு.

ஆயுசு முழுக்க மாத்திரையா என்ற பயம் கடிதத்தில் எழுதாமலே தெரிகிறது. 1891-ல் இங்கிலாந்தில் நியூகாசில் ஊரில் ஜார்ஜ் முர்ரே என்ற மருத்துவர், தைராய்டு முற்றிலும் வற்றிப்போய்ப் படுத்துவிட்ட 46 வயதுப் பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியாகப் போட்டார். அதற்கு முன்பு இந்த நோய்க்கு வழியே கிடையாது. அந்த அம்மா எழுந்து நடமாடி, அந்தச் சாற்றை விடாமல் எடுத்துக்கொண்டு, 1919 வரை வாழ்ந்தார். இறக்கும்போது வயது 74. நூற்றுக்கணக்கான ஆடுகள் அவருக்காகப் போயின. நமக்கு அதே சரக்கு, அளந்து செய்து, ஒரு நாளைக்கு ஒரு டீ விலையைவிடக் குறைவாகக் கிடைக்கிறது. இது உடம்புக்குள் புகுத்தும் வேற்று மருந்து அல்ல, சுரப்பி செய்ய வேண்டியதைச் செய்யாததால் வெளியிலிருந்து கொடுப்பது.

அடுத்த பத்தியை உங்கள் வீட்டுக்காரரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

ஐயா, 12 இருக்க வேண்டிய ரத்தம் உங்கள் மனைவிக்கு 9.2 இருக்கிறது. 4-க்குள் இருக்க வேண்டிய டி.எஸ்.எச். 9.6. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு அவர் விடியலுக்கு முன் எழுந்து உங்களுக்கு டிபன் கட்டிவிட்டு, நாள் முழுக்க நின்று பீஸ் பார்த்துவிட்டு வருகிறார். இதற்குச் சோம்பல் என்று பெயர் இல்லை. அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது ஒரு நாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை, கூடப் போங்கள். காலைக் காபியை எட்டு வாரம் நீங்கள் போடுங்கள், அவர் குடிக்கும் நேரமும் தானாகத் தள்ளிப்போகும்.

மகளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். இந்த நோய்க்கான நாட்டம் குடும்பத்தில் வரலாம், பெண்களுக்கு ஆண்களைவிடப் பல மடங்கு அதிகம். சென்னையையும் சேர்த்து எட்டு நகரங்களில் எடுத்து 2013-ல் வெளியான ஆய்வில் பெரியவர்களில் சுமார் 11 சதவீதம் பேருக்குத் தைராய்டு குறைவு இருந்தது, அதனால் வருவதும் அதிசயமில்லை. உயரம் நின்றுபோவது, மாதவிலக்கு தாறுமாறாவது, கழுத்து முன்பக்கம் உப்புவது, நன்றாகப் படித்தவள் தூங்கி வழிவது, இதில் எது தெரிந்தாலும் ஒரு டி.எஸ்.எச். எடுங்கள். ஒன்றும் இல்லையென்றால் பிள்ளையைச் சும்மா குத்த வேண்டாம்.

உங்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போனால் மட்டும் உடனே கர்ப்பப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கர்ப்பத்தில் தைராய்டு மாத்திரை முதல் வாரங்களிலேயே கால் பங்குக்கு மேல் கூடுதலாகத் தேவைப்படும். குழந்தையின் சுரப்பி வேலைக்கு வரும்வரை அது அம்மாவிடமிருந்துதான் எடுத்துக்கொள்ளும். மூன்றாம் மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது.

மணிக்கு ஒரு நாப்கின் நனைகிற அளவு உதிரம் போனால், படி ஏறும்போது மூச்சு முட்டினால், நெஞ்சு வலித்தால், வாழ்ந்து என்ன பயன் என்று மனம் போனால் எட்டு வாரக் கணக்கு எதுவும் வேண்டாம், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். கடைசியாகச் சொன்னதும் உடம்பு நோய்தான். தைராய்டு குறையும்போது மனமும் சேர்ந்து இருட்டும்.

எட்டாவது வாரம் ரத்தம் கொடுக்கப் போகும் காலையில் மட்டும் மாத்திரையைப் போடாமல் கைப்பையில் எடுத்துக்கொண்டு போங்கள், ரத்தம் எடுத்த பிறகு அங்கேயே தண்ணீரில் விழுங்கிவிடலாம். டெஸ்டுக்குப் பட்டினி தேவையில்லை, மாத்திரைக்குத்தான் வெறும் வயிறு வேண்டும். லேப் வாசலில் எப்படியும் ஒரு டீக்கடை இருக்கும். அங்கே நிற்காமல் பஸ் ஏறுங்கள், வீடு வந்து சேர்வதற்குள் ஒரு மணி நேரம் ஆகிவிடும்.